காவலிருக்கச் சொன்ன பிற்பகல்

சுருட்டிச் சுவரில் சாத்திய ஒரு கோரைப்பாய். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அக்கா இருந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. அக்காவின் எட்டு மாதப் பெண் குழந்தைக்குக் காய்ச்சல். மூன்று இரவுகள் கண்விழித்துப் பார்த்தவள், நான்காம் இரவு அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டாள். விடிந்தபோது குழந்தை அவள் பக்கத்தில் குளிர்ந்து கிடந்தது. "பெத்தவளுக்கு அப்படி என்ன தூக்கம்?" என்று இழவு வீட்டில் ஒருத்தி கேட்டுவிட்டாள். அதன்பிறகு இரண்டு வருடம் அக்கா சரியாகத் தூங்கவில்லை.

கிள்ளானில் தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் துணைக்கு வந்து சேர்ந்தேன். அக்கா தூக்க மருந்து குடித்தாலும் அரைமணி நேரத்தில் அலறி எழுவாள். பக்கத்துத் தெருவில் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருந்தார். அவர் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். "நித்திரை வந்தால் மட்டும் பாயில படுங்கோ. வராட்டி எழும்பி இருங்கோ. எப்ப படுத்தாலும் விடிய ஒரே நேரத்துக்கு எழும்ப வேணும்" என்றார். அப்படியே செய்கிறாளா என்று பார்க்கக் காவல் நான். ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரத் தூக்கம் வந்தது. அதற்குமேல் நகரவில்லை.

ஒரு நாள் அவர் மெதுவாகக் கேட்டார்: "நித்திரை கொண்டால் என்ன நடக்கும் எண்டு பயப்பிடுறியள்?"

அக்கா தயங்கவே இல்லை. "யாராவது செத்துப் போவாங்க ஐயா."

அவர் சிரிக்கவில்லை. ஞாயிறு பிற்பகல் தம் வீட்டுக்கு வரச் சொன்னார். அத்தானும் வரவேண்டும் என்றார். நாங்கள் மூவரும் போனபோது முன்னறையில் பாய் விரித்திருந்தது. "நீங்கள் படுங்கோ. உங்கட மனுசன் பக்கத்தில காவல் இருக்கட்டும். ஆர் சாகினம் எண்டு பாப்பம்."

ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக வேலை பார்த்த அத்தான், அதிகம் பேசாதவர். பாய் ஓரத்தில் உட்கார்ந்தவர், அக்காவின் முகம் பார்க்காமல் பேச ஆரம்பித்தார்.

"மூணு நாளா நீ கண்ணு மூடலைன்னு அன்னிக்குக் காப்பில தூக்க மருந்து கலந்தேன். பிள்ளைய நான் பாத்துக்கிறேன்னு நெனச்சேன். நானும் அசந்துட்டேன்."

அக்கா அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ரெண்டு வருசமும் வாய் தொறக்கலையே" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்படியே தூங்கிப்போனவள் மறுநாள் காலை வரை எழவில்லை. அத்தான் விடியவிடிய வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரமே அக்கா என்னோடு கிள்ளானுக்கு வந்துவிட்டாள். நன்றாகத் தூங்கினாள். சில மாதம் கழித்து அத்தான் தேடி வந்தார். கண்கள் குழிக்குள் போயிருந்தன. "எனக்குத் தூக்கமே வரலம்மா" என்று என்னிடம் சொன்னார். டிரஸ்ஸர் ஐயா சொன்னதையெல்லாம் நானும் கிளிப்பிள்ளைபோல் அவருக்குச் சொன்னேன். உள்ளே அக்கா தையல் மிஷினை நிறுத்தவில்லை. அவர் போனபின், ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்றேன்.

"எழுந்திரிக்கத்தான் பாத்தேன். முடியலடி."

அடுத்த வருடம், தண்டவாளத்தைக் கடக்கையில் பெட்டிகளை மாற்றிக் கோக்கும் ஷண்டிங் வண்டி மோதி அவர் இறந்துபோனார் என்று ஆள் வந்து சொன்னான். அன்றிரவு அக்கா விழித்திருப்பாள் என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். படுத்த சற்று நேரத்தில் தூங்கிப்போனாள். காலையில் எழுந்து முகம் கழுவி வந்தவள், "நல்லாத் தூங்கிட்டேன்டி" என்றாள். சொல்லிவிட்டு, நான் அதுவரை கேட்டிராத குரலில் அழுதாள்.