ஒரு ஸ்க்ரூ மிச்சம்

அந்த வட்டாரத்தில் அவரை எல்லாரும் லிப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். பதினெட்டுக் கட்டடங்களில் ஏறி இறங்கும் இருபத்தேழு லிப்டுகள் அவர் பொறுப்பு. எந்த லிப்ட் எந்த மாடியில் மக்கர் பண்ணும், எதன் கதவு மழை பெய்தால் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. நடந்ததற்கெல்லாம் அந்தப் பெருமையைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

அவர் மனைவி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போய் இரண்டேகால் வருஷம் ஆகியிருந்தது. இதய ஆபரேஷன்கள் நடக்கிற பெரிய இடத்தில் ஒருமுறையாவது வேலை பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. இவரும் மனசாரத்தான் போய் வா என்றார். இரண்டு பெட்டிகளையும் தானே தூக்கிக்கொண்டு விமான நிலையம் வரை போய் விட்டுவிட்டு வந்தார். வீடு திரும்பிக் கதவைத் திறந்தபோதுதான் மூன்று வருஷம் என்பது எவ்வளவு நீளம் என்று உறைத்தது. குழந்தைகளும் இல்லை. வீடு வெறிச்சென்று கிடந்தது.

அவருடைய கைபேசி கம்பெனி கொடுத்த பட்டன் போன். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுவதற்கு அது போதும். அதில் குரல்தானே வரும், ஆள் வர மாட்டீர்களே என்று சொல்லி அவள் தன் லேப்டாப்பை அவரிடம் விட்டுப் போயிருந்தாள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அதைச் சாப்பாட்டு மேஜையில் திறந்து வைப்பார். அங்கே அவளுக்கு அது மதிய நேரம், வேலை முடிந்து அறைக்குத் திரும்பியிருப்பாள். இவர் காய் நறுக்குவார், அவள் துணி மடிப்பாள். அரை மணி நேரம் பேச்சே இல்லாமல் போவதும் உண்டு. அவருடைய அக்கா போன் பண்ணி, அவள் என்னடா சொல்றா என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் இருந்தால்தான் அவருக்கு அன்றைய நாள் நாளாக இருக்கும்.

இரண்டாவது வருஷ முடிவில் லேப்டாப் கரகரவென்று இரைய ஆரம்பித்தது. அவர் பேசுவதே காதில் விழவில்லை என்றாள் மனைவி. கடையில் கொடுத்துச் சரிபண்ணச் சொன்னாள். இருபத்தேழு லிப்டுகளைப் பார்த்துக்கொள்கிற கை, லேப்டாப்புக்குள் சுற்றுகிற ஒரு குட்டிக் காத்தாடிக்காகக் கடைக்குப் போவதா? கூட வேலை பார்ப்பவரின் போனில் ஒரு வீடியோவை நாலு தடவை பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஜையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, லேப்டாப்பைக் குப்புறப் போட்டுத் திறந்தார். காத்தாடியில் தூசி பஞ்சு பஞ்சாக அடைந்திருந்தது. துடைத்தார். சூட்டை வாங்கிக் காத்தாடிக்குக் கடத்துகிற செம்புத் தகட்டைக் கழற்றி, அடியில் காய்ந்துபோயிருந்த, சூடு கடத்தும் பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப்பசை தடவினார். எல்லாவற்றையும் மாட்டி மூடிய பிறகு ஒரே ஒரு ஸ்க்ரூ மட்டும் பெட்ஷீட்டில் கிடந்தது. கடுகை விடக் கொஞ்சம் பெரிசு. கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டிருப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அதை ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டு வைத்தார்.

கரகர சத்தம் போய்விட்டது. கூடவே வேகமும் போய்விட்டது. திறந்த ஐந்து நிமிஷம் சொன்ன பேச்சைக் கேட்கும். அப்புறம் அம்புக்குறி நகர்வதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழலாம். மனைவியின் குரல் முதலில் வரும், உதடு பின்னால் அசையும். அவள் என்ன ஆச்சு என்று கேட்டபோது, நெட் சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தார். தான் கழற்றியதைச் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று வாரம் இப்படியே ஓடியது. அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். வேண்டாத புரோகிராம்களை நீக்கினார். மேஜையையே இழுத்து நெட் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டார். கடைசியில் மானத்தை விட்டுத் தெருமுனைக் கடைக்கும் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்காமல், பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க என்றார். லிப்டைப் பற்றி இதே மாதிரி எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டவர் அவர். நம்பாமல் திரும்பி வந்தார்.

அந்த வியாழக்கிழமைதான் அது நடந்தது. மனைவி சீருடையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க பாருங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

அத்தோடு படம் நின்றுவிட்டது. வாய் பாதி திறந்திருக்க, கை காதோரம் முடியை ஒதுக்கப் போன நிலையில் அவள் அப்படியே இருந்தாள். இவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எந்தப் பட்டனை அமுக்கியும் பயனில்லை. மறுபடி உயிர் வந்து அவள் திரையில் தெரிய இருபது நிமிஷம் ஆயிற்று. அதற்குள் அவள் உடை மாற்றி, முகம் கழுவியிருந்தாள். என்ன சொல்ல வந்தே என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன் என்றாள்.

இரண்டு நாள் அவருக்கு வேலை ஓடவில்லை. உடம்புக்கு ஏதாவதா? அங்கே யாரோடாவது மனஸ்தாபமா? வேறு ஏதாவதா? அந்த வேறு என்பதைத் தொட்டும் தொடாமலும் மனசு சுற்றிச் சுற்றி வந்தது. மோட்டாரின் முனகலிலிருந்து கோளாறைக் கண்டுபிடிக்கிறவருக்கு, ஒன்பது வருஷம் கூட வாழ்ந்தவளின் பாதி வாக்கியத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை.

சனிக்கிழமை லேப்டாப் திறந்த கொஞ்ச நேரத்திலேயே படுத்துவிட்டது. அவளே பட்டன் போனுக்குக் கூப்பிட்டாள். குரலைக் கேட்டதும் அவரால் அடக்க முடியவில்லை. நெட் நன்றாகத்தான் இருக்கிறது, நான்தான் கழற்றினேன், அதிலிருந்துதான் இப்படி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் கோபப்படவில்லை. நோயாளியை விசாரிப்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆரம்பத்திலிருந்தே மெதுவா, போகப் போகவா? போகப் போகத்தான். தொட்டால் சுடுகிறதா? அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி இருக்கிறது. காத்தாடி சுற்றுகிறதா? உஸ்ஸென்று விடாமல் சுற்றுகிறது.

"அப்ப காய்ச்சல்தான். சூடு தாங்காம அதுவே வேகத்தைக் குறைச்சுக்குது," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஆபரேஷன் முடிஞ்சு தைக்கிறதுக்கு முன்னாடி நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? பஞ்சு, கத்திரி, ஊசி எல்லாத்தையும் எண்ணுவோம். ரெண்டு பேர் எண்ணுவோம். சரியா வந்தாத்தான் தைக்க விடுவோம். நீங்க எண்ணினீங்களா?"

இவர் கை தானாகத் தீப்பெட்டியை எடுத்தது.

"எத்தனை மிச்சம்?"

"ஒண்ணே ஒண்ணு."

போனுக்குள் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார். பெட்ஷீட் மறுபடி விரிந்தது. ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி எண்ணிச் சொன்னார், அவள் அந்தப் பக்கமிருந்து திருப்பிச் சொன்னாள். அடிமூடியில் ஒன்பது. காத்தாடிக்கு இரண்டு. செம்புத் தகட்டுக்கு மூன்று. மூன்றா, அதற்கு எத்தனை மூலை என்று கேட்டாள். நான்கு. நாலாவது துளையை ஒரு கறுப்பு ஒயர் மறைத்துக்கொண்டிருந்தது. ஒரு மூலை இறுகாமல் தகடு சாய்ந்து நின்றிருந்தது, பசையும் பாதி இடத்தில்தான் ஒட்டியிருந்தது. மோட்டாரைப் பீடத்தில் உட்கார வைக்கும்போது எதிரெதிர் போல்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கவேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் தன் மேஜையில் கோட்டைவிட்டிருந்தார்.

பழைய பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவி, எல்லாவற்றையும் மாட்டி முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. இடையிடையே ஏதேதோ பேசினார்கள். ஆபரேஷன் நடுவே முணுமுணுவென்று பாடுகிற டாக்டரைப் பற்றி அவள் சொன்னாள். லிப்ட் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தினமும் காலையில் நான்கு தடவை ஏறி இறங்குகிற ஐந்தாம் மாடிப் பெரியவரைப் பற்றி இவர் சொன்னார். ஒரு வருஷத்தில் அவர்கள் இவ்வளவு பேசியதில்லை.

மூடி, திருப்பி, திறந்தார். பத்து நிமிஷம் ஆனது. இருபது நிமிஷம் ஆனது. லேப்டாப் சுணங்கவில்லை. மனைவி திரையில் பளிச்சென்று இருந்தாள். நெற்றியோரம் நரை ஓடியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. மூன்று வாரத்தில் வந்ததல்ல அது.

"அன்னைக்கு என்ன சொல்ல வந்தே?"

அவள் கட்டில் விரிப்பைத் தடவிக்கொண்டே சொன்னாள். "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொன்னாங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க? நின்னுடுச்சா?"

"இல்ல. ஓடுது."

"கேட்டுட்டுப் போட்டிருக்கணும். கேட்டா நீங்க சரின்னுதான் சொல்லுவீங்க. அதை உங்க முகத்தைப் பாத்துக் கேட்க எனக்குத் தெம்பில்ல. அன்னைக்குப் படம் நின்னதும் அப்பாடான்னு இருந்துச்சு."

"நானும்தான் நெட்டுன்னு பொய் சொன்னேன்."

"என்னோடது பெருசுங்க."

வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டார். வேலை ரொம்பப் பிடித்திருக்கிறது, வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் நீங்கள் இல்லை, அது மட்டும் பழகவே இல்லை என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஆனால் கோபம் வராமல் இல்லை. அடுத்த இரண்டு நாளும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அவளும் அதைப் பொறுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவர் கம்பெனி மேனேஜரிடம் போய் லீவு படிவம் வாங்கினார். பத்தொன்பது வருஷத்தில் சேர்ந்தாற்போல நான்கு நாள் லீவு எடுத்ததில்லை. காரணம் என்று போட்டிருந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு 'மனைவியைப் பார்க்க' என்று எழுதினார்.

படிவத்தைப் படித்த மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன், அவங்க இங்க இல்லையா?"

"இல்ல சார். ரெண்டேகால் வருஷமாச்சு."

இவ்வளவு நாளாகக் கம்பெனியில் யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. மேனேஜர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான்கு மாதம் கழித்துப் பதினெட்டு நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவள் சட்டென்று எழுந்துபோனாள். எங்கே போகிறாள் என்று புரியாமல் இவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன அறையின் மூலையில் அலமாரியைத் திறந்து, இரண்டாவது தட்டிலிருந்த தன் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"உங்க துணி வைக்க இடம் வேணாமா?"

"இன்னும் நாலு மாசம் இருக்கே."

"இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, காலியான தட்டை அவள் ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.