மடங்காத முழங்கை

சோற்று உருண்டை வாய்க்கு வரவில்லை. தொண்ணூற்றொன்றாம் வருஷம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். மாவுக்கட்டுப் பிரித்துக்கொண்டு வந்த அன்று மதியம், வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அண்ணி தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். கீரைக்குழம்புச் சோற்றைப் பிசைந்து வலக்கையில் சின்னதாக ஓர் உருண்டை எடுத்தாள். இரண்டு மாதமாக அம்மாவும் நானும் மாறிமாறி ஊட்டிவிட்டதை வெட்கத்தோடு வாங்கிக்கொண்டவள் அவள். இனிமேல் தன் கையால் சாப்பிடலாம் என்ற நிம்மதி முகத்தில் தெரிந்தது. உருண்டையோடு கை மார்பு உயரத்துக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. அவள் கழுத்தை நீட்டினாள், தோளைத் தூக்கிப் பார்த்தாள். உதட்டுக்கும் உருண்டைக்கும் நடுவில் ஒரு சாண் தூரம் அப்படியே இருந்தது. சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றபோது, உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "அப்புறமா சாப்புடறேன் பாப்பா" என்று எழுந்து போனாள். நான் அவளுடைய நாத்தனார். வயதில் நாலைந்து வருஷம்தான் வித்தியாசம். ஆனாலும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு நான் பாப்பாதான்.

வல்லக்கோட்டையில் கிருத்திகை பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பஸ் முழுதாக நிற்பதற்குள் இறங்கப் போய் விழுந்தாள். கையை ஊன்றி விழுந்ததில் முழங்கை மூட்டு நழுவி, ஓரத்தில் எலும்பும் உடைந்திருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் மூட்டை ஏற்றிக் கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரிக்கிற நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒரு தடவை டாக்டர் இல்லை, இன்னொரு தடவை பஸ் ஓடவில்லை. பெரிய தலைவர் ஒருவரைக் குண்டு வைத்துக் கொன்ற அந்த வருஷம் எங்கள் வட்டாரத்தின் பெயரை ரேடியோவில் அடிக்கடி சொன்னார்கள், ரோடெல்லாம் போலீஸாக இருந்தது. எங்கள் வீட்டிலோ ஒரு முழங்கையைத் தவிர வேறு பேச்சில்லை. கடைசியில் கட்டை வெட்டியவர், "தெனம் மடக்கி நீட்டி ஆட்டணும், இல்லன்னா இப்படியே நின்னுடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். யார் மடக்குவது, எவ்வளவு மடக்குவது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதுவரை முழங்கையைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. விரல் தெரியும், உள்ளங்கை தெரியும். நடுவில் ஒரு கீல் இருப்பது, அது மடங்காமல் போனபோதுதான் தெரிந்தது. சாப்பிட, முகம் கழுவ, பொட்டு வைக்க, தோடு திருக, வியர்வை துடைக்க, தலை பின்ன என்று ஒரு பெண்ணுடைய நாள் முழுக்க அந்த மடிப்பில்தான் இருக்கிறது. அண்ணியின் விரல்களுக்கு ஒன்றுமில்லை. கோலப்பொடியைக் கிள்ளி எடுப்பாள், அரிசியில் கல் பொறுக்குவாள். அந்த விரல்கள் அவள் முகத்துக்கு மட்டும் எட்டவில்லை.

அண்ணன் ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு லாரி ஷெட்டில் மெக்கானிக். கல் ஏற்றும் லாரிகள் வரிசையாக வந்து நிற்கிற இடம். பேச்சு குறைவு, கை வேலைக்காரன். வேறு யாராலும் கழற்ற முடியாத போல்ட்டை அவனிடம்தான் கொண்டுவருவார்கள். அண்ணியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "துருப்புடிச்ச போல்ட்டே ரெண்டு சொட்டு எண்ணெ வுட்டு ஆட்டுனா கழண்டுக்கினு வருது. இது எலும்புதானே, வராம எங்க பூடும்?"

மறுநாளிலிருந்து, அம்மா களையெடுக்கக் கிளம்பிப் போனதும், பின்கட்டில் நல்லெண்ணெய் காய்ச்சி அண்ணியின் முழங்கையில் தேய்ப்பான். தேய்த்தபின் மேல்கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முன்கையை மறுகையால் அழுத்தி மடக்குவான். அண்ணி துண்டைப் பல்லில் கடித்துக்கொள்வாள். கண்ணீர் மட்டும் வழியும். அவன் அவள் முகத்தைப் பார்க்கவே மாட்டான், பார்த்தால் கை தளர்ந்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. "இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்" என்று மூட்டிடமே சொல்லிக்கொண்டிருப்பான். முடிந்ததும் அந்தக் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் ஷெட்டுக்குப் போய்விடுவான். ஒருவர் இன்னொருவருக்காக அவ்வளவு கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் கை மடங்குவதற்குப் பதில் வீங்கியது, சூடேறியது. முதல் வாரம் கொஞ்சம் இளகியதுபோலிருந்த மூட்டு பிறகு கல்லாக இறுகிவிட்டது. இன்னும் பலமாக மடக்க வேண்டும்போல என்று அண்ணன் நினைத்தான். அண்ணியும் அப்படித்தான் நினைத்தாள்.

வேறு ஓர் எலும்பு டாக்டரிடம் காட்டும்படி ஷெட் முதலாளி சொல்லி அனுப்பினார். மூன்று பேரும் போனோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்காட்டினார். மேல்கையில் ஓர் எலும்பு, முன்கையில் இரண்டு, மூன்றும் சேர்கிற இடத்தில் கதவுக்கீல் மாதிரி ஒரு மூட்டு. அதன் முன்பக்கத்தில், ஒன்றும் இருக்கக் கூடாத இடத்தில், பஞ்சை அப்பினாற்போல் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது.

"இது புதுசா வளந்த எலும்பு. அடிபட்ட முழங்கைய வெளியாள் புடிச்சு அழுத்தி மடக்கினா, உள்ள சதை கிழிஞ்சு ரத்தம் கட்டிக்கும். அந்த இடமே எலும்பா மாறிடும். எண்ணெ போட்டு உருவவும் கூடாது. அவங்களே, வலி தாங்கற அளவுக்கு, மெதுவா மடக்கி நீட்டியிருக்கணும். யார் மடக்கினது?" என்றார் டாக்டர்.

அண்ணன் வாயைத் திறந்தான். அவன் பேசுவதற்குள் அண்ணி, "நானேதான் சார். சீக்கிரம் சரியாவட்டும்னு இந்தக் கையால அந்தக் கைய அழுத்தினேன்" என்றாள்.

டாக்டர் அவளுடைய மெல்லிய இடக்கையைப் பார்த்தார். அண்ணனின் கைகளையும் பார்த்தார். இனிமேல் யாரும் தொடக் கூடாது, அந்த எலும்பு முற்றி நிற்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்கப்புறம்தான் ஆபரேஷன் செய்து எடுக்கலாம் என்று மட்டும் சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணன் எங்களோடு உட்காரவில்லை. இடம் காலியாக இருந்தும் படிக்கட்டுப் பக்கமே நின்றுகொண்டு வந்தான்.

வீட்டிலும் அண்ணி அதையேதான் சொன்னாள். அம்மா கெட்டவள் இல்லை, ஆனால் நாக்கை அடக்கத் தெரியாதவள். "ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. ஆட்டி ஆட்டி நீயே கெடுத்துக்கினியே! என் புள்ள தலையெழுத்து, மொடங்கிப்போன கையோட ஒருத்தி" என்று தட்டு வைக்கும்போதெல்லாம் சொல்வாள். அண்ணி இடக்கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு தலை நிமிராமல் சாப்பிடுவாள். அண்ணனுக்கு அந்த நேரத்தில் சோறு இறங்காது. பாதியில் கை கழுவிக்கொண்டு போய்விடுவான். கொஞ்ச நாளில் ஷெட்டில் அவசர வேலை என்று அங்கேயே தங்க ஆரம்பித்தான். மாற்றுத்துணிக்கு மட்டும் வருவான். வந்தால் அண்ணி நிற்கிற பக்கம் வரமாட்டான். அவள் தண்ணீர்ச் சொம்பை நீட்டினால், அவள் அதைக் கீழே வைத்த பிறகே எடுப்பான். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொல்லக் கூடாது என்று அண்ணி என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணி தலைக்குக் குளித்திருந்தாள். அவளுக்கு இடுப்புவரை தொங்கும் கூந்தல். விழுந்ததிலிருந்து நான்தான் பின்னிவிடுவேன். அன்றைக்குச் சீப்பை எடுத்துக்கொண்டு போனால், அதை என் கையிலிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "வா பாப்பா, கூட்டுரோடு வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றாள். ஈரத்தலையை விரித்துப் போட்டபடி மாலை வெயிலில் அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். எதற்கென்று கேட்கப் பயமாக இருந்தது.

ஷெட்டில் ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். லாரிக்கடியிலிருந்து அண்ணன் வெளியே வந்தான்.

"இன்னாம்மே, இங்க எதுக்கு வந்தே?"

"தல பின்னணும்."

"பாப்பா இல்ல?"

"பாப்பா நாளைக்கே கல்யாணம் கட்டிக்கினு பூடும். அப்பறம் யாரு பின்னுவா?"

யாரோ சிரித்தார்கள். அண்ணன் கைகளை விரித்துக் காட்டினான். "கையெல்லாம் கிரீஸு."

"கழுவிக்கினு வாங்க. நான் எங்கயும் போவல" என்று சொல்லிவிட்டு, அண்ணி அங்கே கிடந்த லாரி டயரின்மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அவன் மண்ணெண்ணெயில் கழுவினான், சோப்புப் போட்டுக் கழுவினான், பிறகும் கழுவினான். வந்து அவளுக்குப் பின்னால் நின்றான். முடியை மூன்றாகப் பிரிக்கத் தெரியவில்லை. நான் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தேன். "வலிச்சா சொல்லு" என்றான்.

"முடிக்கு இன்னா வலி? பயப்படாம பின்னுங்க" என்றாள். பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே, எங்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "அன்னிக்கு வலிச்சப்ப நிறுத்துன்னு நான் சொல்லல. சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க. ரெண்டு பேரும் சேந்துதான மடக்கினோம்? நீங்க மட்டும் ஏன் வூட்டுக்கு வராம கீறீங்க?"

அண்ணன் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினான். கோணல்மாணலான பின்னல். சிரித்தவர்கள் எப்போதோ சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். அவன் எங்களோடு வீட்டுக்கு வந்தான். அம்மா வழக்கம்போல ஆரம்பித்ததும், தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நான்தாம்மா அழுத்தி மடக்கிக் கெடுத்தேன். அவ இல்ல" என்றான். அம்மா அந்தத் தட்டை மறுபடி அவன் முன்னால் தள்ளி வைத்தாள். அண்ணியிடம் அவள் மன்னிப்பும் கேட்கவில்லை, அதெல்லாம் அம்மாவுக்கு வராது. ஆனால் அந்தப் பேச்சை அதோடு விட்டாள்.

ஆபரேஷன் தள்ளிப்போனது. அதற்குள் அண்ணி உண்டாகியிருந்தாள். பெண் குழந்தை பிறந்து, அது நடக்கத் தொடங்கிய பிறகுதான் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அந்த எலும்பைச் செதுக்கி எடுத்தார்கள். இந்தத் தடவை அண்ணி தானே கொஞ்சம் கொஞ்சமாக மடக்கினாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், கைகளைத் தன் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு. மூட்டு முழுதாகத் திரும்பவில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்தால் சோறு வாய்க்கு எட்டும், அவ்வளவுதான். பின்னந்தலைக்குக் கை கடைசிவரை போகவேயில்லை. அதனால் தலை பின்னுவது அண்ணனுடைய வேலையாகவே நின்றுவிட்டது. நாளாக ஆக நன்றாகவே பின்னினான். ஊரில் கேலி செய்தார்கள், பிறகு அதுவும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

இப்போது வடக்குப்பட்டைச் சுற்றிக் கம்பெனிகள்தான். அம்மா களையெடுத்த கழனி இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. நானும் அவற்றில் ஒரு கம்பெனியில் ஒயர் பின்னுகிற லைனில் ஷிப்ட் ஷிப்டாக நின்று, முழங்காலையும் கட்டைவிரல் மூட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். காலையில் எழுந்தால் எந்த மூட்டு இன்று வேலை செய்யும் என்று பார்த்துக்கொண்டுதான் காலைக் கீழே வைக்கிறேன். அண்ணனுக்கு இரண்டு வருஷமாகத் தோள்பட்டை இறுகிவிட்டது. சட்டை போடவே ஆள் வேண்டும். அப்படியும், அண்ணியைத் தரையில் உட்காரவைத்துக் கட்டிலில் தான் உட்கார்ந்து, கையைத் தூக்காமல் பின்னிப் பார்த்தான். போன பொங்கலுக்கு நான் போயிருந்தபோது, பாதிப் பின்னலில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூச்சு வாங்கினான். அண்ணி திரும்பிப் பார்க்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் அவள் மகளோடு ஒரகடத்தில் ஒரு பியூட்டி பார்லருக்குப் போய்க் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். முன்பாதி முழுக்க நரைத்த முடி, குட்டையாக, வேறு யாரோ மாதிரி இருந்தாள். "இன்னா பாப்பா பாக்கறே? பாரம் எறங்கிச்சு" என்றாள். அண்ணன் டிவியை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் கீது" என்றான். கொஞ்சம் பொறுத்து, "வெட்டுனத இன்னா பண்ணாங்க?" என்று கேட்டான்.

"இன்னா பண்ணுவாங்க? கூட்டித் தள்ளிட்டாங்க."

"ஓ" என்றான். "எடுத்தாந்திருக்கலாம்."

அண்ணி அவன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். எனக்கு முழங்கால் வலித்தது. எழுந்து போய் மூன்று பேருக்கும் டீ போடத் தெம்பில்லாமல், நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.