கண்ணாடி போடாத டீச்சரின் விண்மீன் பட்டியல்

நட்சத்திரங்களுக்குப் பட்டியல் போடுவது சுலபமான வேலைதான், கண் தெரிகிறவர்களுக்கு. என்னைப்போலக் கிட்டப்பார்வையோடு அறிவியல் டீச்சராகி மாட்டிக்கொண்டவர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். அறுபதுகளில், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் பார்த்துப் படிக்க நாற்பது உருப்படி எழுதும்படி தலைமையாசிரியர் என் தலையில் கட்டினார். என் கண்ணால் பார்த்ததற்கு மட்டுமே டிக் என்று வீறாப்பாக நானே ஒரு விதி வைத்தேன். அம்மாவின் விதி வேறு: "கண்ணாடி போட்ட பொண்ண எவன் கட்டுவான்? தாலி ஏறட்டும், அப்பறம் போட்டுக்கோ."

எல்லாமே மேகம்

பட்டியலில் இரண்டு பத்தி: புள்ளியாய் மின்னினால் நட்சத்திரம், புகையாய்த் தெரிந்தால் மேகம். பொழுது சாய்ந்ததும் மைதானத்தில் நின்று, வானத்திலேயே பளிச்சென்ற நட்சத்திரமான சிரியஸை மேகம் என்று எழுதினேன். திருவாதிரையும் மேகம். பக்கத்தில் நின்ற பியூன் முனுசாமி பதறிப்போனார். "இன்னா டீச்சரம்மா, புகையா? குண்டூசித் தல மாதிரி பளிச்சுனு கீதே!"

அன்று முதல் அவர் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். டிக் மட்டும் போடவில்லை.

மடவை எங்கே?

'விண்மீன் பட்டியல்' என்று எழுதிச் சுவரில் மாட்டினோம். பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கும் ஒரு பிள்ளையின் அப்பா, விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "நாப்பது மீன் எழுதிக்கீறீங்க, எங்க ஏரி மடவயக் காணோமே!" சிரிப்பு வந்தது. மடவையை எழுதியிருந்தால் அதற்காவது டிக் போட்டிருப்பேன்.

நாற்பதாவது

கடைசி உருப்படி ஆண்ட்ரோமிடா என்ற தூரத்து விண்மீன் மண்டலம். நிஜமாகவே புகையாய்த் தெரிவது. மழை விட்ட ஒரு மார்கழிச் சாயங்காலம் முனுசாமி அண்ணாந்து பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டார். எனக்கோ வானம் முழுக்கப் புகை, அதில் எதுவென்று பார்க்க? அவர் எவ்வளவோ கை நீட்டிக் காட்டினார். "தோ, சுண்ணாம்பு தடவுன மாதிரி லேசா கீது, தெர்தா?"

கண்ணாடி வந்தது

எழுபதுகளில் ஒருவழியாகத் தாலி ஏறியது. மறுவாரமே மெட்ராஸ் போய்க் கண்ணாடி வாங்கினேன். சிரியஸ் ஒரே புள்ளியாய் மின்னியதைப் பார்த்து, ஐயோ, அழுதேவிட்டேன். அடுத்த மார்கழிக்குள் முப்பத்தொன்பது டிக். நாற்பதாவதற்காக ஓட்டமாக மைதானத்துக்குப் போனால், சுற்றிலும் புதுக் கம்பெனிகளின் விளக்கு, வானமே வெளுத்துக் கிடந்தது. முனுசாமி கண்ணைக் கசக்கிக் கசக்கித் தேடினார். "இத்தினி வருசம் இங்கதாம்மா இருந்துச்சி. நீங்க வர்ற நேரத்துக்குப் பூடுச்சே!"

கண் தெரியாதபோது வானமெல்லாம் மேகம், தெரிந்தபோது வேண்டிய மேகம் மட்டும் இல்லை, ஆனால் என் விதியை நான் மீறவில்லை என்பதற்கு அந்த நாற்பதாவது கட்டம் இன்றைக்கும் காலியாக இருந்து சாட்சி சொல்கிறது.