பூசணம் பூத்த தண்ணீர் மெத்தை

அப்பா பட்டாசு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் போர்மேன். ஈரம் என்றாலே அவருக்கு ஆகாது. வீட்டில் அப்பளம் நமுத்தால்கூட அம்மாவிடம் விசாரணை நடக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷர், இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு சித்திரை மாதம், மாடிப்படியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு பத்துக் குடம் தண்ணீர் மேல் படுக்க வேண்டியதாயிற்று.

"மூணு மாசம் படுக்கைதான். சர்க்கரை வேற இருக்கு. முதுகுல புண்ணு வந்துச்சுன்னா ஆள் எந்திரிக்கிறது கஷ்டம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் மெடிக்கல் கடையிலிருந்து தண்ணீர் மெத்தை வந்தது. கட்டிலில் பஞ்சு மெத்தை, அது நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாள், அதன் மேல் இந்த ரப்பர் பை. குழாய் போட்டு நிரப்பினோம்.

கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் தீயணைக்க வாளியில் தண்ணீர் இருக்கும். "வாசல்ல வைக்க வேண்டிய தண்ணிய முதுகுக்கடியில வச்சிட்டீகளே" என்று அப்பா புலம்பினார்.

மூன்றாவது வாரம் மகள் என்னைக் கூப்பிட்டு மூக்கை உறிஞ்சினார். "ஏத்தா, எங்கனயோ நமுத்திருக்கு."

நான் நம்பவில்லை. அவர் விடவில்லை. தண்ணீர் மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கினால் அடிப்பக்கமெல்லாம் கருப்புக் கருப்பாய்ப் பூசணம். வியர்வையும் சிந்திய தண்ணீரும் வெளியேற வழியில்லாமல் பிளாஸ்டிக் தாளில் தேங்கியிருந்தன. தாளை விரித்த புத்திசாலி நான்தான். அப்பாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"வினிகர்ல துடைச்சு நிழல்ல காயப்போடுங்க" என்றார் மெடிக்கல் கடைக்காரர். அப்பா கேட்பாரா?

"நிழல்ல காஞ்ச சரக்கு எந்த ஊர்ல வெடிச்சிருக்கு? மாடியில வெயில்ல போடு. நான் சொல்றப்ப எடுத்தாப் போதும்."

கம்பெனிக் களத்தில் காயும் பட்டாசுச் சரக்கைப் போர்மேன் சொல்லாமல் யாரும் தொடக்கூடாது. எங்கள் வீட்டு வற்றலுக்கும் அதே சட்டம்தான். தண்ணீரை இறக்கி, துடைத்து, மாடியில் விரித்தோம். பஞ்சு மெத்தையில் படுத்த அப்பா, மூன்று வாரத்தில் முதல்முறையாகக் குறட்டை விட்டுத் தூங்கினார். எழுப்ப அம்மாவுக்கு மனசு வரவில்லை. உத்தரவில்லாமல் எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று மணிக்கு அவர் விழித்து, "எடுத்தாச்சா?" என்றபோது மாடிக்கு ஓடினேன். மெத்தை விறைத்துப்போய், ஓரத்தில் ஒரு முழம் பிளந்து கிடந்தது.

அன்று சாயங்காலம் அப்பாவைப் புரட்டிய அம்மா அப்படியே நின்றுவிட்டாள். இடுப்புக்குக் கீழே சிவப்பாக ஒரு தடம். டாக்டர் சொன்ன புண்ணின் ஆரம்பம்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே, "தப்பு எம்மேலதான்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் அன்றுதான் கேட்டேன். அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகையே வந்தது.

மதுரையிலிருந்து புது மெத்தை வர இரண்டு நாள் ஆனது. அதுவரை இரண்டு மணிக்கொரு தரம் நானும் அம்மாவும் அவரைப் புரட்டிப் போட்டோம். தடம் மெல்ல மறைந்தது. புது மெத்தைக்கு அடியில் பருத்தித் துணி விரித்தோம். வாரம் ஒருமுறை மெத்தையைத் தூக்கித் துடைத்து, ஃபேன் காற்றில் உலர்த்தினோம். எடுக்கும் நேரத்தை அம்மாதான் சொன்னாள். அப்பா மோந்து மட்டும் பார்த்தார்.

ஆடியில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அப்பா எழுந்து நின்றார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்பக்கமாகப் போய்ச் சட்டையைத் தூக்கி, முதுகை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தாள். கம்பெனியில் பட்டாசுச் சரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அப்பா சொல்கிற அதே அதிகாரத்தோடு சொன்னாள்:

"சரக்கு நமுக்கல. அனுப்பலாம்."

அப்பா முதல் அடியை எடுத்து வைத்தார்.