மேடத்தின் லேப்டாப்பில் நான் மாற்றிய கார்டு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் காலையில் பாசஞ்சர் ரயிலில் போகிற நாங்கள் ஏழெட்டுப் பேர் எப்போதும் ஒரே பெட்டியில்தான் ஏறுவோம். நாங்கள் ஒருவரையொருவர் முகத்தை வைத்து அடையாளம் தெரிந்துகொண்டோம். மேடம் மட்டும் எல்லாரையும் குரலை வைத்துத் தெரிந்துவைத்திருந்தார். திண்டிவனத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. கோலியனூரிலிருந்து அவருடைய கணவர் பைக்கில் கொண்டுவந்து ஸ்டேஷனில் விடுவார். திண்டிவனத்தில் இறங்கியதும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ நிற்கிற இடம் வரைக்கும் வருவார். நான் அதே ஊரில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவன். நாலு வருடப் பழக்கம்.

அவரிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. இப்போது வருகிற மாதிரி மெல்லிசாக இல்லாமல் செங்கல் மாதிரி கனமாக இருக்கும். திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்கிற ஒரு மென்பொருளை, சென்னையில் ஒரு நிறுவனத்திடம் சொல்லி, அதில் போட்டுவைத்திருந்தார். ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ரயிலிலேயே பாடம் தயார் பண்ணுவார். ஒருமுறை இயர்போனைக் கழற்றி எங்களுக்குக் கேட்கவிட்டார். அந்த வேகத்தில் எங்களுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மேடம் என்னிடம் சொன்னார்.

“சார், ரெண்டு நாளா இதுல வைஃபை புடிக்கவே மாட்டேங்குது. போன்ல புடிக்குது. இதுல மட்டும் இல்ல.”

“குடுங்க மேடம். நாளைக்கு லேப்ல வெச்சிப் பாத்துட்டு திங்கக்கெழமை குடுத்துடறேன்.”

“பெரிய வேலையா இருந்தா வேணாம் சார். கடையில குடுத்துக்கறேன்.”

“கடையில என்னா பண்ணப்போறான்? அதத்தான் நானும் பண்ணப்போறேன்.”

பெட்டியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்திரப்பதிவு அலுவலக எழுத்தர், “சார் இருக்கறப்ப உங்களுக்கு என்னா மேடம் கவல” என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

சனிக்கிழமை மதியம் லேபில் யாரும் இல்லை. லேப்டாப்பைத் திறந்ததும் அந்தக் குரல் ஆரம்பித்துவிட்டது. நான் எங்கே தொட்டாலும் அதைச் சொல்லியது. தொந்தரவாக இருக்கிறதே என்று சத்தத்தை அணைத்துவிட்டேன்.

வைஃபை கார்டு இருப்பதாகவே கணினி காட்டியது. ஆனால் ஒரு நெட்வொர்க்கையும் பிடிக்கவில்லை. கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். பழைய டிரைவர் ஒன்றைத் தேடிப் போட்டேன். கார்டின் அமைப்பில் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிற வசதியை மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அரைமணி நேரத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. என் மேசை டிராயரில் வேறொரு லேப்டாப்பிலிருந்து கழற்றிய நல்ல கார்டு ஒன்று சும்மா கிடந்தது. மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

அடிமூடியைக் கழற்றினேன். தீப்பெட்டியில் பாதி அளவுதான் கார்டு. கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர்கள் அதன் தலையில் சின்னப் பித்தளைப் பொத்தான்களால் மாட்டியிருந்தன. வெள்ளை ஒயர் நகத்தால் நெம்பியதும் வந்துவிட்டது. கறுப்பை இழுத்தபோது கார்டிலிருந்த வளையமும் அதோடு பிய்ந்து வந்தது. எப்படியும் போன கார்டுதானே என்று ஒயரில் ஒட்டிவந்த வளையத்தை ஊசியால் தட்டிவிட்டுப் புதுக் கார்டைப் பொருத்தினேன். டிரைவர் போட்டேன்.

புதுக் கார்டும் ஒரு நெட்வொர்க்கையும் பிடிக்கவில்லை.

என்னவென்று பார்க்க லேப்டாப்பைத் தூக்கித் திருப்பியபோது முன்விளிம்பில் ஏதோ கட்டைவிரலில் தட்டுப்பட்டது. அரிசிமணி அளவில் ஒரு சுவிட்ச், இடப்பக்கம் தள்ளிக் கிடந்தது. வலப்பக்கம் தள்ளினேன். நீல விளக்கு எரிந்தது. எங்கள் லேப், ஆபீஸ், பக்கத்துக் கட்டடம் என்று எல்லா நெட்வொர்க்கும் வரிசையாக வந்து நின்றன.

பையில் வைக்கும்போது சுவிட்ச் நகர்ந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். கார்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. பழையதைத் திரும்ப மாட்டலாம் என்றால் அதன் வளையத்தை நானே பிய்த்துவிட்டேன். நடுவில் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பெட்டி வந்தது. படிக்காமலே மூடினேன். சத்தத்தைத் திரும்ப வைத்துக் கணினியை அணைத்தேன்.

திங்கட்கிழமை ரயிலில் மேடம் கேட்டார். “என்னா சார் ஆச்சு?”

“கார்டு போயிடுச்சு மேடம். வேற போட்டுட்டேன்.”

“உங்களுக்கு எதனா செலவு…”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எங்கிட்ட சும்மா கெடந்தது.”

மறுநாள் அவர் எனக்காக ஒரு டப்பா நிறைய வேகவைத்த மல்லாட்டை கொண்டுவந்தார். அவர்கள் நிலத்தில் விளைந்த வேர்க்கடலை. எழுத்தருக்கும் கொடுத்து நானும் தின்றேன்.

புதன்கிழமை வண்டி விக்கிரவாண்டி தாண்டியபோது சொன்னார்.

“சார், இந்தப் பொட்டி நாப்பது நிமிஷம் பேசுது, அப்பறம் வாய மூடிக்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மறுபடியும் நாப்பது நிமிஷம். நீங்க கார்டு மாத்துனதுக்கும் இதுக்கும் எதனா சம்மந்தம் இருக்குமா?”

“இருக்காது மேடம். பழைய பொட்டி இல்லிங்களா, சூடாவுது போல.”

“அப்பிடிங்களா” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கே லேபில் தேடிப் படித்தேன். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாகச் சொந்த அடையாளம் ஒன்று உண்டு. மேடம் வைத்திருந்த மாதிரியான மென்பொருள், உரிமத்தை அந்த அடையாளத்தோடு சேர்த்துப் பூட்டிவைத்திருக்கும். கார்டு மாறினால் இது வேறு கணினி என்று முடிவு செய்து, இலவசமாகச் சோதித்துப் பார்க்கிறவர்களுக்குக் கொடுக்கிற நாற்பது நிமிடத்தை மட்டும் கொடுக்கும்.

அடுத்த நாளே சொல்லியிருக்கலாம். சொன்னால், கார்டில் என்ன கோளாறு இருந்தது என்ற பேச்சு வரும். நான் பஸ்ஸுக்கு மாறினேன். லேபில் சீக்கிரம் வரச் சொல்கிறார்கள் என்று எழுத்தரிடம் போனில் சொன்னேன். மூன்று வாரம் பஸ்ஸிலேயே போனேன். மேடத்தை இப்போது யார் ஆட்டோ வரைக்கும் கூட்டிப்போகிறார்கள் என்று தினமும் நினைப்பேன். கேட்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் எழுத்தர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“என்னா சார், ஆளயே காணோம்? மேடம் கேட்டுக்கினே இருக்காங்க. பாவம், விழுப்புரத்துல டீச்சருங்களுக்கு ட்ரெய்னிங் வெச்சாங்க இல்ல, அதுல இவங்கதான் ஒரு கிளாஸ் எடுக்கறதா இருந்துச்சு. லேப்டாப்பு சரியில்ல, தயார் பண்ண முடியலன்னு வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்களாம். மார்க்கு ஏத்தறதுக்குக்கூட பக்கத்து டீச்சரத்தான் படிக்கச் சொல்லிக் கேக்கறாங்களாம். அவங்களுக்கு அது புடிக்குமா, சொல்லுங்க.”

டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் ரயிலில் ஏறினேன். மேடத்துக்கு எதிரே உட்கார்ந்து, “வணக்கம் மேடம்” என்றேன்.

“வாங்க சார். பஸ்ஸு நல்லா இருந்துச்சா?”

வண்டி முண்டியம்பாக்கம் தாண்டியது. அப்புறம், லேப்டாப் பேசாமல் போனதற்கு நான் கார்டு மாற்றியதுதான் காரணம், எனக்கு அது மூன்று வாரமாகத் தெரியும் என்று சொன்னேன்.

“தெரியும் சார்” என்றார். “நீங்க குடுத்த அன்னிக்கே வீட்டுக்குப் போயி ஆன் பண்ணேன். மொத வேலையா அதத்தான் படிச்சுது. நெட்வொர்க் கார்டு மாறிப்போச்சு, லைசென்ஸ் செல்லாதுன்னு இங்கிலீஷ்ல அழகா சொல்லிச்சு. ரெண்டு தரம் கேட்டேன்.”

லேபில் நான் படிக்காமல் மூடிய பெட்டி அதுதான். சத்தத்தை அணைத்திருந்ததால் எனக்குக் கேட்கவும் இல்லை.

“அப்பறம் ஏன் மேடம் எங்கிட்ட கேட்டீங்க?”

“நீங்க என்னா சொல்றீங்கன்னு பாக்கலாம்னுதான். கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன். அது ஒண்ணும் ஜல்தியா நடக்கற காரியம் இல்ல.” கொஞ்சம் சிரித்தார். “கார்டு போனா மாத்தித்தானே சார் ஆவணும்? நீங்க என்னா தெரிஞ்சா பண்ணீங்க? அதுக்குப் போயி பஸ்ஸுல ஓடிட்டீங்களே.”

அவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டார். அங்கேயே விட்டிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். வண்டி பேரணியில் நின்று கிளம்பியது. அவர் மன்னித்தது நான் செய்யாத ஒன்றுக்கு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

“கார்டு போவல மேடம்” என்றேன்.

சுவிட்ச் கதையை முழுசாகச் சொன்னேன். வளையம் பிய்ந்ததையும் சொன்னேன். அவர் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்து முன்விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனார்.

“இதுவா?”

“ஆமா மேடம்.”

“மூடிக்கு லாக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.” அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தார். “கண்ணு தெரியாதவங்களுக்கு யாராவது பொய் சொன்னா குரல்லயே தெரிஞ்சிடும்னு எல்லாரும் சொல்வாங்க. அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்ல சார். இது எனக்குத் தெரியவே இல்ல.”

லேப்டாப்பைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். வண்டி மயிலம் தாண்டியது. பிறகு நான்தான் மெதுவாகச் சொன்னேன். பழைய கார்டு என் பையில் இருக்கிறது, அதன் ஸ்டிக்கரில் அந்தப் பன்னிரண்டு எழுத்தும் இருக்கின்றன, புதுக் கார்டின் அமைப்பில் அதை எழுதிவிட்டால் கம்பெனி பதில் சொல்கிற வரைக்கும் கணினி பழையபடி பேசும் என்று நினைக்கிறேன், அனுமதி கொடுத்தால் பண்ணிப் பார்க்கிறேன் என்றேன்.

“எம்முன்னாடியே பண்ணுங்க” என்றார்.

திண்டிவனம் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தோம். சத்தத்தை அணைக்கவில்லை. நான் திறக்கிற ஒவ்வொன்றையும் குரல் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. நெட்வொர்க் கார்டின் பண்புகளில் முகவரி எழுதுகிற கட்டத்தைத் திறந்தேன். ஸ்டிக்கரைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். நான் அடித்ததைக் குரலும் திருப்பிச் சொன்னது. ஒன்பதாவது இடத்தில் நான் எட்டுக்குப் பதிலாக பி அடித்திருந்தேன். அவர்தான் நிறுத்தித் திருத்தினார். கணினியை அணைத்துப் போட்டதும் அந்தக் குரல் மறுபடி கடுகாக வெடித்தது. அந்த ஆங்கில எச்சரிக்கை வரவில்லை.

“நாப்பது நிமிஷம் ஆவட்டும், பாப்போம்” என்று எழுந்தார். என் முழங்கையைப் பிடிக்கவில்லை. கம்பை நீட்டிக்கொண்டு தானாகவே நடந்தார். நான் இரண்டடி பின்னால் போனேன்.

பதினோரு மணிக்கு லேபில் இருக்கும்போது போன் வந்தது.

“பேசிக்கினேதான் இருக்குது” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சில வாரங்களில் கம்பெனியும் புதுக் கார்டுக்கே உரிமத்தை மாற்றிக் கொடுத்துவிட்டது. அதை அவரே பார்த்துக்கொண்டார். எனக்கு எழுத்தர் சொல்லித்தான் தெரியும். பயிற்சி வகுப்பு போனது போனதுதான். ரயிலில் நாங்கள் பேசிக்கொள்கிறோம். மழை, பள்ளிக்கூடம், வண்டி தாமதம் என்று எல்லாம் பேசுவோம். கணினியைப் பற்றி மட்டும் அவர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

போன மாதம் கண்டமங்கலத்துக்காரர் ஒருவர் எங்கள் பெட்டிக்குப் புதிதாக வந்தார். லேப்டாப் பேசுவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டவரிடம் எழுத்தர் என்னைக் காட்டினார். “நடுவுல பேஜாரு பண்ணிச்சு. நம்ம சார்தான் சரி பண்ணிக் குடுத்தாரு.”

“கெடுத்ததும் நான்தாங்க” என்றேன்.

தன்னடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று எல்லாரும் சிரித்தார்கள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு இயர்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.