தராசுக்காரரின் இடது கை

காலை ஆறே முக்காலுக்கு அவருடைய வலது கை சாப்பாட்டு மேஜைமேல் ஏறிவிடும். கைக்கு அடியில் தடித்த அகராதிகள் இரண்டு, அவற்றின்மேல் நான்காக மடித்த துண்டு. கை நெஞ்சின் உயரத்துக்கு வரவேண்டும். ஒரு விரற்கடை ஏறினாலும் இறங்கினாலும் எண் பிசகிவிடும் என்பது அவர் கட்சி. பாதம் இரண்டும் தரையில், முதுகு நாற்காலியில். ஐந்து நிமிஷம் பேச்சு கூடாது, யோசனைகூடக் கூடாது. அந்த ஐந்து நிமிஷமும் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவர் மனைவியைத் தவிர.

“பால் தீர்ந்துபோச்சு. நேத்தே சொன்னேன். காதுல விழுந்துச்சா இல்லையா?”

அவர் புருவத்தால் மட்டும் ‘இரு’ என்பார். பிரஷர் மிஷினின் பட்டை உப்பும், இறுக்கும், புஸ்ஸென்று தளரும். எண்ணை எழுதிக்கொள்வார். பிறகு அகராதிகள், துண்டு, பட்டை எல்லாம் இடது பக்கத்துக்கு மாறும். மறுபடியும் ஐந்து நிமிஷம்.

“இன்னொரு தடவையா? அதான் ஒரு கை பார்த்தாச்சே!”

“ஒரு பக்கம் மட்டும் பார்த்துட்டு எவனாவது தராசை நம்புவானா?” என்பார் அவர், எல்லாம் முடிந்த பிறகு.

கடைத்தெருவில் அவருக்குப் பெயரே ‘தராசு’தான். காய்கறிக் கடையிலிருந்து நகைக்கடை வரை, மருந்துக் கடையிலிருந்து சரக்குக் கிடங்கு வரை, எடை காட்டும் எதுவும் முரண்டு பிடித்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பெட்டிக்குள் நீல வெல்வெட் குழிகளில் பித்தளை எடைக்கற்கள் வரிசையாகத் தூங்கும். அவற்றை அவர் விரலால் தொட்டதே கிடையாது, இடுக்கியால்தான் எடுப்பார். “வேர்வைக்கும் எடை உண்டு” என்பார். முதலில் இடது தட்டில் கல்லை வைத்துப் பார்ப்பார். பிறகு அதே கல்லை வலது தட்டில். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் காட்டினால் நல்ல தராசு. வேறு வேறாகக் காட்டினால் கோலில் கோளாறு; உண்மையான எடை இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒளிந்திருக்கிறது. நாற்பது வருஷமாக அந்த நடுவைத் தேடிப் பிடிப்பதே அவர் பிழைப்பு.

பெட்டியின் மூடியில் ஒரு கட்டுச் சிவப்பு அட்டைகள் செருகியிருக்கும். சரிசெய்யும் வரை தொடக்கூடாத தராசில் தேதியும் குறையும் எழுதி, நூலால் கட்டிவிட்டு வருவார். கெஞ்சினாலும் அவிழ்க்கமாட்டார். மனைவியின் தம்பி மளிகைக் கடை திறந்த அன்றைக்கு, வாழ்த்த வந்த கூட்டத்துக்கு நடுவே, கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த புதுத் தராசில் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு வந்தவர் அவர். தம்பி இரண்டு மாசம் அக்காவிடம் பேசவில்லை. “மச்சான்னா முள்ளு நேரா நிக்குமா?” என்று கேட்டதோடு அவர் அந்த விஷயத்தை முடித்துக்கொண்டார்.

மனைவியும் லேசுப்பட்டவள் அல்ல. பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று குறிப்பது அவள் வேலை. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் இரைச்சலை வைத்தே, “பதினேழாம் நம்பர் வந்துடுச்சு, மூணு நிமிஷம் லேட்” என்பாள். ஒருவர் எடை, ஒருவர் நேரம். அந்த வீட்டில் யாரும் எதையும் குத்துமதிப்பாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு வரும்போது இரண்டு பைகளையும் அவரே தூக்குவார். பாதி வழியில், தபால் பெட்டிக்குப் பக்கத்தில், இரண்டையும் கீழே வைத்து வலது பையை இடது கைக்கும் இடது பையை வலது கைக்கும் மாற்றிக்கொள்வார். அதுவும் தராசு புத்திதான். பல வருஷமாகத் தபால் பெட்டியில் நடந்த அந்த மாற்றம் போன வருஷம் சலவைக் கடை வாசலுக்கு வந்தது. இந்த வருஷம் சந்தைத் தெருமுனைக்கே வந்துவிட்டது. அவளுக்கு அது கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதைக் குறித்து வைக்கும் தொழில்தான். ஆனால் புருஷனைக் குறித்து வைக்கத் தோன்றவில்லை.

பிரஷர் மிஷினை அனுப்பியது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மூத்த மகள். அப்பாவுக்கு மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியில்லை. “தினமும் ஒரே ஒரு நம்பர் அனுப்புங்கப்பா. அது போதும். அதைப் பார்த்துட்டு நான் வேலைக்குப் போவேன்” என்றாள்.

ஒரே ஒரு நம்பர். அவரிடமோ இரண்டு இருந்தன. வலது கையில் நூற்று ஐம்பத்து நான்கு, இடது கையில் நூற்று இருபத்தேழு. இரண்டையும் சொன்னால் பிள்ளை குழம்பிப்போவாள். நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டார். சராசரி: நூற்று நாற்பதரை. அரையையும் விடவில்லை. இரண்டு வருஷமாக மகளுக்கும் போனது அந்த எண்தான். நோட்டைப் புரட்டிப் பார்க்க நேரமில்லாத பழைய டாக்டருக்கும் அவர் வாயால் சொன்ன எண் அதுதான்.

போன மாசம் புது டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். முதல் நாளே இரண்டு கைகளிலும் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு நோட்டைக் கையில் வாங்கினார்.

“மூணாவதா எழுதியிருக்கறது என்னங்கையா?”

“சராசரி, டாக்டரம்மா.”

“யார் போடச் சொன்னாங்க?”

“யாராவது சொல்லணுமா? ரெண்டு பக்கமும் வேற வேற காட்டினா நடுவுல இருக்கறதுதானே நெசம்?”

“தராசுக்கு அப்படி இருக்கலாம். உங்களுக்கு ரெண்டுமே நெசம்.” டாக்டர் நோட்டின் முதல் பத்தியில் பேனாவை வைத்தார். “எல்லாருக்கும் அஞ்சு ஆறு வித்தியாசம் இருக்கும். பத்துக்கு மேல திரும்பத் திரும்ப வந்தா சும்மா விடக்கூடாது. எந்தக் கை கூடக் காட்டுதோ அதுதான் உங்க பிரஷர். ரெண்டு வருஷமா நூத்தி நாப்பதுக்கு மருந்து சாப்பிட்டுக்கிட்டு நூத்தி அம்பத்து நாலோட நடந்திருக்கீங்க. இடது கைக்குப் போற ரத்தக்குழாய் எங்கயோ குறுகியிருக்கும்னு சந்தேகப்படறேன். கையை மேல தூக்கி வேலை செய்யறப்ப அசதி, தலைசுத்தல் உண்டா?”

“இல்ல.”

“திரைச்சீலை மாட்டின அன்னிக்கு?” என்றாள் கூட வந்திருந்த மனைவி.

“அது வெயிலு.”

“வீட்டுக்குள்ள ஏதுங்க வெயிலு? ஸ்டூலைவிட்டு இறங்கித் தலையைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உக்காரலை?”

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், ஸ்கேனுக்கு ஒரு புதன்கிழமையைக் குறித்தார். “அதுவரைக்கும் ஏணி வேண்டாங்கையா” என்றார்.

அதற்கு மறுநாள் வியாழக்கிழமை, சரக்குக் கிடங்கின் உத்தரத்தில் தொங்கும் பெரிய தராசைச் சரிபார்க்கும் நாள். இருபதடி ஏணி. இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிச் செய்யவேண்டிய வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை, அவர்தான் செய்வார்.

டாக்டர் சொன்னதை அவர் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கோளாறு என்று தெரிந்தால் முதலில் கருவியைச் சோதிக்காமல் சரக்கின்மேல் பழி போடுவது அவருக்குத் தெரியாது. பதினோரு நாள் சோதித்தார். வலது முதலில், இடது முதலில் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். பட்டையின் அகலத்தைப் புஜத்தோடு ஒப்பிட்டு அளந்தார். மருந்துக் கடையில் இன்னொரு மிஷினை இரவல் வாங்கி வந்து, இரண்டு கைகளிலும் ஒரே நேரத்தில் கட்டிக்கொண்டு, அவளை இரண்டு பொத்தான்களையும் ஒரே நொடியில் அமுக்கச் சொன்னார். பிறகு மிஷின்களை இடம் மாற்றி மறுபடியும். மாத்திரை கூட்டியதில் இரண்டு எண்களும் கொஞ்சம் இறங்கின. நடுவிலிருந்த இடைவெளி மட்டும் அசையவில்லை. இருபத்தாறு, இருபத்தெட்டு, இருபத்தேழு, இருபத்தேழு.

கடைசியில் அவளை உட்காரவைத்துப் பார்த்தார். வலது நூற்று இருபத்தொன்று, இடது நூற்றுப் பத்தொன்பது.

“நீ நல்ல தராசு” என்றார்.

முப்பத்து நான்கு வருஷத்தில் இவ்வளவு பெரிய பாராட்டை அவள் வாங்கியதில்லை. சந்தோஷப்பட முடியவில்லை. அவள் சரியாக இருக்கிறாள் என்றால் மிஷின் சரியாக இருக்கிறது. மிஷின் சரியாக இருக்கிறது என்றால் கோளாறு வேறு எங்கே இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அப்படியும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வேலை முடிந்து வரும்போது அவர் ஏணிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஸ்கேனை அடுத்த வாரம் தள்ளிக்கலாம். கிடங்கு வேலை நிக்குது. என்ன இருந்தாலும் சராசரி ஒண்ணும் மோசமில்ல.”

அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. “ஏங்க, எங்க டிப்போவுல இருந்து ரெண்டு பஸ் ஒரே நேரத்துல கிளம்புது. ஒண்ணு சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருது. இன்னொண்ணு தினமும் அரைமணி லேட். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து, கால்மணிதான் லேட்டுன்னு எழுதிட்டு நான் வீட்டுக்கு வந்துடலாமா?”

அவர் எண்ணெய்த் துணியோடு நிமிர்ந்தார்.

“அந்த வழியில என்ன ஆச்சுன்னு ஆள் அனுப்பிப் பார்ப்போங்க. பாலம் இடிஞ்சிருக்கும், பள்ளம் தோண்டியிருப்பாங்க. லேட்டுதாங்க சேதி. அதைப் போய்ச் சரிக்கட்டிக்கிட்டு இருக்கீங்க.”

அவள் பையை வைத்தாள், கையைத் துடைத்தாள். “கையைக் குடுங்க.”

“எந்தக் கை?”

“ரெண்டும்.”

எதிரில் உட்கார்ந்து அவருடைய இரண்டு மணிக்கட்டுகளிலும் விரல்களை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள், முதுகுக்குப் பின்னால் வண்டி வரும் சத்தத்தைக் கேட்பதுபோல. முதலில் தன் விரல்களின் துடிப்பே இடறியது. அது அடங்க அடங்க, வலது விரல்களின் அடியில் ஒரு தட்டல் தெளிவாக வந்தது. இடதில் ஒன்றுமில்லை என்று நினைத்தாள். இருந்தது. வலது தட்டி முடித்து ஒரு மயிரிழை கழித்து, அழைக்காத வீட்டு வாசலில் நிற்கிறவர் தட்டுவதுபோல, மெல்ல. மறுபடி வலது, மறுபடி அந்த மயிரிழை, மறுபடி இடது.

ஒரே நெஞ்சிலிருந்து ஒரே நொடியில் கிளம்பியது இரண்டும். எத்தனை வருஷமாக அந்தச் சின்னது எங்கோ ஓர் இருட்டு இடுக்கில் நெருக்கியடித்து நுழைந்து, தாமதமானாலும் ஒரு நடைகூடத் தவறாமல் அவர் விரல் நுனி வரை வந்து சேர்ந்திருக்கிறது! அந்த விரல்களால்தான் அவர் இடுக்கி பிடித்தார், பை தூக்கினார், திரைச்சீலை மாட்டினார். வண்டி வராத நாள் என்று ஒன்று இல்லவே இல்லை. இத்தனை வருஷமாக இந்தக் கைகளோடு குடித்தனம் நடத்தியும், இரண்டையும் இப்படி ஒருசேரப் பிடித்துக் கேட்டது இதுதான் முதல் தடவை.

“லேட்டுங்க” என்றாள்.

“எவ்வளவு?”

“நோட்டுல எழுதற அளவுக்கு இல்ல. ஆனா லேட்டு.”

அவர் தானும் பார்க்க முயன்றார். வலது கையால் இடது நாடியைப் பிடித்தார். இடது கையால் வலது நாடியைப் பிடித்தார். ஒரே நேரத்தில் இரண்டையும் பிடிக்க அவரிடம் கை மிச்சமில்லை. ஊரில் எத்தனையோ தட்டுகளை இடம் வலம் மாற்றிச் சரிபார்த்த மனுஷன், தன் மணிக்கட்டுகள் இரண்டையும் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய் ஏணியை அதன் கொக்கியில் மாட்டினார்.

இன்று புதன்கிழமை. காலையில் நோட்டில் இரண்டே எண்கள் விழுந்தன. மூன்றாவது பத்தி காலி. இரண்டையும் மகளுக்கு அனுப்பினார். அனுப்பிய கையோடு போன் அலறியது.

“என்னப்பா, ரெண்டு நம்பர் வந்திருக்கு? எதுப்பா உங்க பிரஷர்?”

“ரெண்டும் என்னுதுதாம்மா. பெருசைக் கணக்குல வெச்சுக்க. சின்னது ஏன் சின்னதுன்னு கேக்கத்தான் இப்ப அம்மாவோட கிளம்பறேன். பதறாத. வந்ததும் சொல்றேன்.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “நேரமாச்சுங்க.”

அவர் பெட்டியைத் திறந்து, மூடியிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை உருவினார். தேதி எழுதினார். குறை என்ற இடத்தில் இருபத்தேழு என்று எழுதி, நூலைக் கோத்தார். இடது மணிக்கட்டில் சுற்றி ஒரு கையால் முடிச்சுப் போட்டுப் பார்த்தார், நூலின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். நிற்கவில்லை. மேஜைமேல் அகராதிகள் இன்னும் அப்படியே இருந்தன. அவற்றின்மேல் இடது கையை மல்லாத்தி வைத்து, நூலை அவள் பக்கம் நீட்டினார்.