மரண அறிவித்தலும் காலைப் படகும்

நெடுந்தீவில் முன்பு நாங்கள் கேட்டது ஒரே வானொலி, அரசாங்கத்தினுடையது. காலைப் படகு புறப்படுமுன்னரே அதில் மரண அறிவித்தல் வாசித்து முடிந்துவிடும். உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளவும் என்று வாசித்துவிட்டால், வீடு வந்து சொன்ன மாதிரி. வேறு ஆள் அனுப்புவதில்லை. பிறகு தனியாரும் வானொலி நடத்தலாம் என்று விட்டார்கள். இப்போது எந்த வீட்டுச் சாவு எதில் போகிறது என்றே தெரியாது.

கரம்பொனில் வாழ்க்கைப்பட்ட என் மச்சாள், என் கணவரின் தங்கை, போன வருசம் செத்தபோது நான் பழைய வானொலியைக் கேட்டுவிட்டு ஆடு அவிழ்க்கப் போய்விட்டேன். எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி கல்வேலிக்கு மேலால் கூப்பிட்டாள்.

"ஆச்சி, உங்கட மச்சாளெல்லோ! சோப்பு விளம்பரத்துக்குப் பிறகு என்ர ரேடியோவில சொன்னவை. ரெண்டு மணிக்கு எடுக்கினமாம்."

படகு போய்விட்டது. அடுத்தது மத்தியானத்துக்குப் பிறகுதான். எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வீட்டிலிருந்து எடுக்குமுன் போய் வாய்க்கரிசி போட்டால்தான் உண்டு.

கரம்பொன் வீட்டுத் தொலைபேசி இலக்கம் எங்கள் இருவரிடமும் இல்லை. அவள் அந்த வானொலிக்கே எடுத்து, போனை என் காதில் வைத்துவிட்டாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான்.

"வணக்கம் அம்மா, என்ன பாட்டு வேணும்?"

"பாட்டு வேண்டாம் தம்பி" என்றேன். "கரம்பொனில என்ர மச்சாளை எடுக்கப் போகினம். நான் நெடுந்தீவில நிக்கிறன். பின்னேரப் படகிலதான் வர ஏலும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்."

அறிவிப்பாளர் மச்சாளின் பெயரைக் கேட்டுக்கொண்டார்.

"ஓம் அம்மா, சொல்லுறன். நீங்கள் வெளிக்கிடுங்கோ."

பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார். விளம்பரம் முடிந்து இன்னொருமுறையும் சொன்னார். பழைய வானொலியில் இது நடந்திராது. அது சொல்லும், நாங்கள் கேட்போம், அவ்வளவுதான்.

குறிகட்டுவானில் இறங்கி, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர ஐந்து மணியாகிவிட்டது. பெட்டி இன்னும் பந்தலில்தான் இருந்தது. மச்சாளின் மூத்த மகன் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"வாய் திறக்காத மனுசி, உலகமே கேக்கக் கதைச்சுப்போட்டியள் மாமி!" அழுகைக்குள்ளே சிரித்தான். "எங்கட பிழைதான். படகு நேரத்தை யோசிக்கேல்லை."

அரிசித் தட்டை என்னிடம் நீட்டினார்கள். மற்றவர்கள் எல்லோரும் போட்டு முடித்திருந்தார்கள். நான் போட்ட பிறகுதான் பெட்டியை மூடினார்கள்.